மாப்பிள்ளை ஒருக்கா விழவேணும்

இருங்கோ அண்ணை, இருங்கோ. இதைக் கொஞ்சம் அங்காலை தள்ளிவைக்கிறன், இல்லாட்டி உங்கடை காலிலை இடிபடும். ஓம், தமிழ்தான். நீங்களும் பேர்ணுக்கோ? நல்லது, கதைச்சுக்கொண்டு போகலாம். எனக்கு வாயை மூடிக்கொண்டு ரெயினிலை இருக்கேலாது.

இது என்ன சாமான் எண்டுதானே பாக்கிறியள்? எல்லாரும் பாக்கினம். ஸ்கேட்போட் இல்லை அண்ணை, அது சின்னப்பிள்ளையள் ரோட்டிலை உருட்டுறது. இது மலையிலை இறங்கிறது. ரயரைப் பாருங்கோ, காத்தடிச்ச ரயர். காலை இந்தப் பட்டிக்குள்ளை விட்டு இறுக்கினால் பலகையும் நீங்களும் ஒண்டுதான். மாரியிலை ஸ்னோபோட் ஓடுற ஆக்களுக்குக் கோடையிலை பனி இல்லாமல் கால் அரிக்கும். அந்த அரிப்புக்குத்தான் இது. புல்லு, மண், கல்லு, எதிலையும் போகும். என்னைக் கேட்டால், ஸ்னோபோட்டுக்குக் கிட்டவும் வராது. சும்மா ஒரு கோடைக்கால விளையாட்டு.

என்ரை பேர் துவாரகன். இஞ்சை சுவிசிலை பிறந்து இஞ்சை வளர்ந்தனான். மாரியிலை ஸ்னோபோட் பழக்கிறதுதான் என்ரை வேலை. எங்கடை மலையிலை வாத்திமாற்றை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிக்கிற ஒரே தமிழன் நான்தான். வெள்ளைக்காரர் தங்கடை பிள்ளையளைக் கொண்டுவந்து என்னட்டைத்தான் விடுவினம். விழப் பயப்பிடுற பிள்ளையை நான் ஒரு காலமைக்குள்ளை நிமித்திப்போடுவன். ஒரு தாய் மட்டும் போன வருசம் முறைப்பாடு குடுத்தது, பிள்ளையைக் கழுத்திலை பிடிச்சனான் எண்டு. கழுத்திலை இல்லை அண்ணை, கொலரிலை.

நான் சண்டைக்காரன் இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் சனம் உங்களுக்கு வேறை மாதிரிச் சொல்லும். தமிழர் விளையாட்டு விழாவிலை ஒருத்தற்றை தாடை கழண்டது உண்மை. அது விளையாட்டு. விளையாட்டிலை நடக்கிறதை ஆரும் கணக்கெடுக்கிறதே?

கதை என்னெண்டால், எனக்கு ஒரு தங்கச்சி. சாம்பவி. அப்பா செத்தபிறகு வீட்டுக்கு ஆம்பிளை எண்டு நான்தான். அம்மா பாவம், வேலைக்குப் போயிடுவா, பிள்ளையைக் கண்டிச்சு வளத்தது நான். எப்பிடி வளத்தனான் எண்டு அவளைப் பாத்தாலே தெரியும். எதிர்த்து ஒரு சொல்லுச் சொல்லமாட்டாள். நான் வாசல்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் இருக்கிற இடத்திலையிருந்து எழும்பி நிப்பாள். இப்பத்தைப் பிள்ளையளிட்டை அந்த மரியாதையை நீங்கள் எங்கை காணப்போறியள்?

அவள் ஒருநாள் வந்து, அம்மாவுக்குப் பின்னாலை நிண்டுகொண்டு, ஒருத்தரை விரும்புறன் எண்டு சொல்லுறாள். கஜமுகன் எண்டு பேர். பேரைக் கேட்டுப்போட்டு ஆள் ஆனை மாதிரி இருக்கும் எண்டு நினைக்காதையுங்கோ, ஊதினால் விழுந்திடும். வன்னிப் பெடியன். சண்டை முடிஞ்சபிறகு வந்து அகதி கேட்டவர். முதியோர் இல்லத்திலை கிழடுகளைக் குளிப்பாட்டுற வேலை. கதைச்சால் பக்கத்திலை இருக்கிற எனக்கே கேக்காது. இடது கணுக்காலிலை செல்துண்டு கிழிச்ச பெரிய தழும்பு ஒண்டு. பனியிலை ஒருக்காலும் ஏறினதில்லையாம். எனக்கு ஆளைப் பிடிக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. ஓம் எண்டனான். நான் ஓம் எண்டபடியால்தான் கலியாணமே நடந்தது.

ஆனால் ஒரு விசயம் என்ரை மனசிலை முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டு இருந்தது. எங்கடை முறை உங்களுக்குத் தெரியும்தானே. மாப்பிள்ளை மண்டபத்து வாசலிலை வந்து நிக்க, பொம்பிளையின்ரை சகோதரம்தான் தோழனாப் போய், குனிஞ்சு, செம்பிலை தண்ணி வார்த்து மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவவேணும். கழுவினால் மாப்பிள்ளை ஒரு மோதிரம் போட்டுவிடுவார். பிறகு கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறது. அது என்ரை உரிமை. எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு நான் ஒரே அண்ணன். அந்த இடத்திலை வேறை ஒருத்தன் நிண்டால் நான் உயிரோடை இருந்து பிரயோசனம் இல்லை. ஆனால் முழுச் சனமும் பாத்துக்கொண்டிருக்க இந்த மனிசன்ரை காலடியிலை நான் குனியவேணும். நான், அண்ணை. யோசிச்சுப் பாருங்கோ.

அப்பதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கழுவத்தான் போறன். ஆனால் அதுக்கு முதல் மாப்பிள்ளை ஒருக்கா எனக்கு முன்னாலை விழவேணும். அவ்வளவுதான். பெரிய விழுகை ஒண்டும் வேண்டாம். ஒருக்கா விழுந்து, நான் கைகுடுத்துத் தூக்கிவிடவேணும். பிறகு சந்தோசமாக் குனிவன். இதிலை என்ன பிழை இருக்கு?

அது கோடைகாலம், பனி இல்லை. பனி இருந்திருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது, ஸ்னோபோட்டிலை ஏத்தி விட்டிருந்தால் தன்ரை பாட்டிலை விழுந்து எழும்பியிருப்பார். எங்கடை மலையிலை கோடையிலை இந்தச் சக்கரப் பலகையை வாடகைக்கு விடுகினம், கயித்தாலை இழுக்கிற வின்ச்சிலை கொண்டுபோய் மேலை விடுவினம். நானும் அதுவரைக்கும் அதிலை ஏறினதில்லை, எனக்குத் தேவைப்படேல்லை. கலியாணத்துக்கு முதல் மச்சான்மார் ஒருநாள் ஒண்டாத் திரிவம் எண்டு சொல்லி ஆளைக் கூட்டிக்கொண்டு போனன். சாம்பவி வேண்டாம் எண்டு ஏதோ சொல்ல வந்தவள். நான் திரும்பிப் பாக்க உள்ளுக்குப் போயிட்டாள்.

வாடகைக்குக் குடுக்கிற இடத்திலை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. எங்களுக்கு முன்னாலை நிண்டு பாடம் எடுக்கிறாள். பனியிலை செய்யிற மாதிரிப் பலகையைக் குறுக்காலை திருப்பி இதை நிப்பாட்டேலாதாம். பனியிலை சறுக்கும், இதிலை ரயர் மண்ணைக் கவ்விப் பிடிக்குமாம், ஆள் பறப்பாராம். அதாலை இந்தக் கைப்பிடியைப் பிடிச்சு பிறேக் போடு எண்டாள். எனக்குச் சொல்லுறாள் அண்ணை. நான் அவளுக்கு முன்னாலையே என்ரை பலகையிலையிருந்து பிறேக்கைக் கழட்டி மேசையிலை வைச்சன். ஹெல்மெற்றும் போடேல்லை. கஜமுகன் அவள் சொன்னது எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டு, முழங்காலுக்கு, முழங்கைக்கு எண்டு குடுத்த கவசமெல்லாம் ஒண்டும் விடாமல் கட்டிக்கொண்டு நிண்டார். பாக்கப் பெரிய ஆமை மாதிரி.

முதல் அவரை விட்டன். முழங்காலை மடக்கி, பிறேக்கிலை பிடிச்ச கையை எடுக்காமல், கிறீச் கிறீச் எண்டு, கிழவி படியிறங்கிற மாதிரி இறங்கிறார். வேகம் கூடினால் தானாப் புல்லிலை குந்திவிடுறார். அது விழுகை இல்லை அண்ணை. அது இருக்கிறது. எழும்பி, தட்டிப்போட்டு, திரும்ப இறங்கிறார். அப்பிடியே பாதி மலைக்குப் போயிட்டார். ஒரு கீறல் இல்லை.

எனக்குத் தலை சூடாகிட்டுது. அப்ப நான் வெளிக்கிட்டன். நேரா விட்டன். காத்து காதுக்குள்ளை அடிக்குது, நல்ல சுகமாத்தான் இருந்தது. அவருக்குக் கிட்ட வந்து வடிவா ஒரு வளைவு எடுத்து நிப்பாட்டிக் காட்டுவம் எண்டு பலகையைக் குறுக்காலை திருப்பினன். ஆயிரம் தரம் பனியிலை செய்தது.

பலகை நிண்டுட்டுது. நான் நிக்கேல்லை.

முகம்தான் முதல் மண்ணிலை பட்டது. மண் எண்டு என்ன, கல்லு. கால் பட்டியிலை மாட்டினபடி, பலகை மேலாலை சுத்தி வந்து பிடரியிலை ஒரு அடி. திரும்பவும் முகம். சொண்டைப் பல்லு துளைச்சு வெளியிலை வந்திட்டுது, பாருங்கோ, இந்தத் தையல் தழும்பு. வாய் நிறைய ரத்தமும் மண்ணும். ஒரு கண்ணாலை ஒண்டும் தெரியேல்லை. அங்காலை நிண்ட நாலைஞ்சு வெள்ளையள் சிரிச்சதுகள். அதுகளிலை எனக்குக் கோவமில்லை, ஆர் விழுந்தாலும் சனம் சிரிக்கத்தானே செய்யும்.

கஜமுகன் சிரிக்கேல்லை. அதுதான் பிரச்சினை. ஆள் பலகையைக் கழட்டிப்போட்டு மேலை ஓடி வந்து, தன்ரை சேட்டைக் கழட்டி என்ரை வாயைத் துடைக்கிறார். தலையைத் தூக்கித் தன்ரை மடியிலை வைக்கிறார். அந்தக் கிழடுகளைத் துடைக்கிற மாதிரி, அண்ணை. மெதுவா. பதறாமல். அதுவும் போகட்டும். குனிஞ்சு என்ரை காதுக்குள்ளை சொன்னார்:

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. விழுந்ததெண்டு நான் சாம்பவிக்குச் சொல்லமாட்டன்.”

விளங்குதோ அண்ணை? எனக்கு வெக்கம் எண்டு அவர் தீர்மானிச்சிட்டார். என்ரை தங்கச்சியிட்டை என்ரை மானத்தை இனி அவர் காப்பாத்தப் போறாராம்.

கை போயிட்டுது. நான் அடிச்சனான் எண்டு சொல்லமாட்டன், கை போயிட்டுது. மூக்கிலை பட்டது. அந்த எலும்பு மெல்லிசு, கையிலை பட்ட உடனையே தெரிஞ்சிட்டுது. ஆள் பின்பக்கமா விழுந்தார். நான் எழும்பி நெஞ்சிலை ரெண்டு உதை. ஹெல்மெற்றிலை கூட உதைச்சிருப்பன், என்ரை கால்விரல்தான் நொந்தது. அவர் கையைத் தூக்கித் தடுத்தாரே தவிரத் திருப்பி அடிக்கேல்லை. திருப்பி அடிச்சிருந்தால் அங்கையே முடிஞ்சிருக்கும். பயந்தாங்கொள்ளியளாலைதான் இந்த உலகத்திலை இவ்வளவு கரைச்சலும்.

நான் அடிச்சு அவர் விழுந்ததைக் கணக்கெடுக்கேலாதுதானே. அடிச்சால் ஆரும் விழுவினம். அவர் பலகையிலை விழவேணும். அதுக்குத்தான் வந்தனாங்கள். அவற்றை பலகை பக்கத்திலை கிடந்தது. பிறேக் வயரை இழுத்து அறுத்தன். ஆளைத் தூக்கி நிப்பாட்டி, காலைப் பட்டிக்குள்ளை விட்டு, நானே குனிஞ்சு ரெண்டு பட்டியையும் வடிவா இறுக்கினன். அவற்றை மூக்கு ரத்தம் என்ரை முதுகிலை சொட்டினது. “துவாரகன், வேண்டாம். அந்தக் கால் ஏலாத கால்” எண்டார். கெஞ்சினவர் எண்டு சொல்லேலாது, சொன்னவர். கீழை சரியான செங்குத்து, அடியிலை மாட்டுக்குப் போட்ட கம்பிவேலி.

தள்ளிவிட்டன்.

போன வேகம் இருக்கே அண்ணை, நான் பழக்கின ஒருத்தனும் அப்பிடிப் போனதில்லை. கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கொண்டு, சத்தமில்லாமல். சும்மா சொல்லக்கூடாது, வேலி வரைக்கும் விழாமல்தான் போனவர். வேலிக்கட்டையிலை பலகை மோதி நிண்டிட்டுது, இடது கால் பட்டிக்குள்ளை, உடம்பு மட்டும் கம்பிக்கு அங்காலை போய் விழுந்துது. முறிஞ்ச சத்தம் மேலை நிண்ட எனக்குக் கேட்டது. பிறகுதான் கத்தினவர். மாடெல்லாம் மேச்சலை விட்டு ஓடினது.

எனக்குச் சந்தோசம் எண்டு சொல்லமாட்டன். நிம்மதி. சரி, விழுந்திட்டார், இனி நாங்கள் ரெண்டு பேரும் மச்சான்மார் எண்டு ஒரு நிம்மதி. இறங்கிப் போய் நானே பட்டியைக் கழட்டினன். எலும்பு தோலுக்கு வெளியிலை வந்திட்டுது, அந்தப் பழைய தழும்புக்குள்ளாலை. ஏற்கெனவே காயப்பட்ட கால், பலமில்லை, இல்லாட்டி அந்த அடிக்கு முறியிற கால் இல்லை அது. நான்தான் தோளிலை போட்டுக்கொண்டு கீழை வரைக்கும் சுமந்தது. அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம். தள்ளினது ஆரெண்டு கேப்பினம், தூக்கினது ஆரெண்டு கேக்கமாட்டினம்.

ஆஸ்பத்திரியிலை பெரிய ஒப்பரேசன், தகடு வைச்சவை. சாம்பவி வந்து கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு என்னையே பாக்கிறாள். டொக்டர் கேக்கிறார், அம்மா கேக்கிறா. கஜமுகன் எல்லாருக்கும் ஒரே கதைதான் சொன்னவர்: தானா விழுந்தவர், முகமும் அப்பதான் அடிபட்டதாம். அவரே சொன்னபிறகு மற்றவைக்கு என்ன? பாருங்கோ, அவருக்கும் தன்ரை பிழை விளங்கியிருக்கு.

எல்லாரும் வெளியிலை போனபிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “உங்கடை அம்மா நாலு சனத்துக்கு முன்னாலை தலை குனியக்கூடாது. அதுக்காகத்தான் நான் சொல்லேல்லை. நீங்கள் வந்து தோழனா நில்லுங்கோ, காலைக் கழுவுங்கோ. அதுக்குப் பிறகு நாங்கள் இருக்கிற வீட்டு வாசலுக்கு நீங்கள் வரக்கூடாது.” அப்பிடித்தான் சொன்னவர். மருந்து மயக்கத்திலை சொல்லுறார் எண்டு நான் பெரிசா எடுக்கேல்லை.

பின்னாலை இருக்கிறவன் என்ன பாக்கிறான்? இல்லை, எனக்கு விளங்குது, தமிழிலை கதைச்சால் உவங்களுக்குக் காது குத்தும். பாக்கட்டும். திரும்ப ஒருக்காப் பாக்கட்டும்.

கலியாணம் ஆவணியிலை. நல்ல சனம். மாப்பிள்ளை தலைப்பாகையும் ஒரு ஊன்றுகோலுமா வாசலிலை வந்து நிண்டார். நான் பட்டுவேட்டி, சால்வை. அம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. செம்பை எடுத்துக்கொண்டு குனிஞ்சன், உண்மையா ஒரு வருத்தமும் இல்லாமல்தான் குனிஞ்சன். வலது காலைக் கழுவினன். இடது காலைத் தூக்கித் தாம்பாளத்திலை வைக்கேக்கை அவருக்குச் சமநிலை தப்பிட்டுது, என்ரை தோளிலை கையை ஊண்டினார். ஊண்டினபடி, “மெதுவா” எண்டார்.

அவ்வளவு சனத்துக்கு முன்னாலை எனக்குக் கட்டளை. அவற்றை காலிலை தையல் போட்ட இடம் வீங்கி மினுங்கிக்கொண்டு இருந்தது. பெருவிரல் அதிலை போய் நிண்டிட்டுது. கொஞ்சம்தான் அழுத்தினன். அண்ணை, விட்டிருப்பன், சாமியாணை விட்டிருப்பன். அந்த நேரம் பாத்து வீடியோக்காரர் வந்து, அப்பிடியே வைச்சிருங்கோ, நிமிந்து கமராவைப் பாருங்கோ, ரெண்டு பேரும் சிரியுங்கோ எண்டார். அவர் சொன்னபடியால்தான் வைச்சிருந்தனான். அவருக்கு வெளிச்சம் காணாதாம், திரும்ப ஒருக்கா வைக்கச் சொன்னவர். திரும்பவும் வைச்சன். விரலுக்குக் கீழை அந்தத் தகடு தட்டுப்பட்டது. மாப்பிள்ளையின்ரை வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வந்ததோ தெரியாது, மேளம் உச்சத்திலை போய்க்கொண்டிருந்தது. பாத்த சனம் ஆனந்தக் கண்ணீர் எண்டு நினைச்சது.

அந்தக் கோலத்திலையும் மோதிரம் போட்டுவிட்டார். பாருங்கோ, இதுதான். கொஞ்சம் இறுக்கம், கழட்ட வராது. பிறகு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். தாலி கட்டினார். நான் ஓடியோடிச் சாப்பாட்டுப் பந்தியெல்லாம் பாத்தன். ஒரு குறை இல்லாமல் முடிஞ்ச கலியாணம்.

அடுத்தநாள் காலமை சாம்பவி போன் எடுத்தாள். நான் நன்றி சொல்லத்தான் எடுக்கிறாள் எண்டு நினைச்சன்.

“அண்ணா, அவற்றை காலிலை இருக்கிற பெருவிரல் அடையாளத்தைப் பாத்தன். அது ஆரின்ரை விரல் எண்டு எனக்குத் தெரியும்” எண்டாள். வைச்சிட்டாள்.

இது என்ன கதை? பெருவிரல் எல்லாருக்கும் இருக்குத்தானே. பாத்த உடனை அடையாளம் பிடிக்க இவளென்ன பொலிசோ? நான் திரும்ப எடுத்தால் நம்பர் வேலை செய்யேல்லை. அவையின்ரை வீட்டை போய்ப் பாத்தால் வேறை ஆக்கள் இருக்கினம். கலியாணம் செய்து வைச்ச அண்ணனுக்குச் சொல்லாமல் வீடு மாறிட்டினம். இப்ப தை மாதம். பொங்கலுக்குக்கூட ஒரு சொல்லு இல்லை.

அம்மாவுக்கு இடம் தெரியும். அவ கள்ளமாப் போய் வாறவ. போன கிழமை கேட்டன். முதல் சொல்லேல்லை, பிறகு அழுதா, பிறகு சொன்னா. பேர்ணிலை இறங்கி ஒரு ட்ராம் எடுக்கவேணும். அம்மாவுக்கு இப்ப மணிக்கட்டிலை கட்டுப் போட்டிருக்கு, படியிலை சறுக்கிப்போட்டா. வயசு போகுதுதானே, கவனமா இருக்கிறேல்லை.

இந்தப் பலகையோ? ஓம், அண்டைக்கு அவரை ஏத்தித் தள்ளின அதே பலகைதான். வாடகைக்கு விட்ட அந்தப் பெட்டையிட்டைப் பிறகு நானே போய்க் கேட்டு வாங்கினனான். இப்ப கொண்டுபோறது கஜமுகனுக்கு இல்லை அண்ணை, அவர் இந்த நேரம் வேலையிலை நிப்பார், அதைப் பாத்துத்தான் இந்த ரெயினை எடுத்தனான். எனக்கு அவரோடை ஒரு கோவமும் இல்லை. கதைக்கவேண்டியது என்ரை தங்கச்சியோடை. அவள் கதவைத் திறக்கமாட்டாள் எண்டு அம்மா சொன்னவ. பழைய வீடாம், மரக்கதவாம். இதைத் தூக்கிப் பாருங்கோ, என்ன பாரம் எண்டு.

ஏன், தூக்கிப் பாருங்கோ. ஆரோடை கதைக்கிறியள்? பொலிஸ் எண்டு சொன்ன மாதிரி எனக்குக் கேட்டது. அண்ணை, அந்தப் போனைக் கீழை வையுங்கோ.